குழி இன்னும் மூடல

நோரீன்: ...குடையெல்லாம் ஆள் கணக்குல சேராது வில்ஃப். வரிசைன்னா மனுஷன் நிக்கணும்.

வில்ஃப்: நின்னேனே. மழை ஜாஸ்தியாச்சு. குடையை வாசல்ல சாத்தி வெச்சுட்டு எதிர்ல ரொட்டிக் கடைக்குள்ள ஒதுங்கினேன். அடுத்து வந்தவர் ஒரு வார்த்தை பேசாம குடைக்குப் பின்னாடி நின்னார். இந்த இங்கிலாந்துல ஒரு குடைக்கு இருக்கிற மரியாதை...

நோரீன்: ...அரசாங்கத்துக்கு இல்லை. போன சனிக்கிழமையும் இதேதான் சொன்னீங்க.

வில்ஃப்: போன வாரமும் உண்மை, இந்த வாரமும் உண்மை. உக்காருங்க. பிளாஸ்க்ல டீ சூடா இருக்கு.

நோரீன்: எங்க உக்கார்றது, இந்தக் குட்டி நாற்காலியிலயா? எம்.பி.யைப் பார்க்க வர்றவங்களை லைப்ரரியில குழந்தைங்க பகுதியில உக்கார வெக்கலாம்னு எந்தப் புத்திசாலிக்குத் தோணுச்சோ. முழங்கால் மோவாயில இடிக்குது.

வில்ஃப்: முந்தின எம்.பி. காலத்துல இந்த நாற்காலி கூட இல்லை.

நோரீன்: முந்தின எம்.பி. காலத்துல எம்.பி.யே இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் அவர் போட்டோ போட்ட நோட்டீஸ் மட்டும் வாசல் வழியா வந்து விழும். பிஸ்கட் எடுத்துக்குங்க, நடுவுல க்ரீம் வெச்சது.

வில்ஃப்: அப்போ இந்தம்மா பரவாயில்லைன்னு ஒத்துக்கறீங்க.

நோரீன்: அப்படி யார் சொன்னா? ஜெயிச்சு பத்து மாசம் ஆகுது, என்ன கிழிச்சுட்டாங்க? எல்லாத்தையும் மாத்தறோம்னு வீடு வீடா வந்து கதவைத் தட்டினாங்க. பல் டாக்டர் கிடைக்கிறாரா? பக்கத்து வீட்டு மனுஷன் இடுக்கியை எடுத்துத் தன் பல்லைத் தானே பிடுங்கிட்டார். கரண்ட் பில் குறைஞ்சுதா? லீட்ஸ் ரயில் ஒரு நாளாவது நேரத்துக்கு வந்துச்சா?

வில்ஃப்: கேட்டா, பழைய ஆளுங்க கஜானாவைத் துடைச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு சொல்றாங்க.

நோரீன்: என் ரெண்டாவது புருஷன் கென்னத் இதே ரகம். வீட்டுல குழாய் ஒழுகினா, உன் முதல் புருஷன் சரியா மாட்டலன்னுவான். கதவு கிறீச்சுன்னு கத்தினா, உன் முதல் புருஷன் எண்ணெய் போடலன்னுவான். அப்படியே இருபது வருஷம் ஓட்டிட்டுப் போய்ச் சேர்ந்தான்.

வில்ஃப்: குழாய்?

நோரீன்: இப்பவும் ஒழுகுது.

வில்ஃப்: அப்போ முதல் புருஷன் மேலதான் தப்பு போல...

நோரீன்: பாருங்க, உங்களுக்கு அந்தக் கட்சிக்காரன் புத்தி. இவங்களுக்குத்தானே ஓட்டுப் போட்டீங்க?

வில்ஃப்: போட்டேன். போட்டதாலதான் திட்டறேன், உரிமை இருக்கு. ராத்திரி பூரா டிவி முன்னாடி முழிச்சிருந்து ஜெயிச்சதைப் பார்த்தேன். விடிஞ்சதும் செருப்பை மாட்டிட்டுப் போய் என் வீட்டு முன்னாடி குழியைப் பார்த்தேன். அப்படியே கிடந்துச்சு.

நோரீன்: ஒரே ராத்திரியிலயா மூடுவாங்க?

வில்ஃப்: மனசு கேக்கலையே. புது அரசாங்கம்னா ஏதாவது ஒண்ணு காலையிலேயே மாறியிருக்கணும்னு ஒரு நப்பாசை. நீங்க யாருக்குப் போட்டீங்கன்னு இதுவரை சொல்லவே இல்லை.

நோரீன்: சொல்லவும் மாட்டேன். ஆனா இவங்களுக்குப் போடல. அதனால திட்டறதுக்கு எனக்கு உங்களை விட ஜாஸ்தி உரிமை.

வில்ஃப்: அதெப்படி?

நோரீன்: உங்களுக்கு ஏமாத்தம் மட்டும்தான். எனக்கு, ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ன்னு சொல்லிக்கிற சுகமும் இருக்கு.

வில்ஃப்: ...நல்லா இருக்கு உங்க நியாயம்.

நோரீன்: டீயும் நல்லா இருக்கு. முழங்கால் எப்படி?

வில்ஃப்: மழைன்னா முனகுது.

நோரீன்: முதல் நாள் வந்தீங்களே, பேன்ட்டைத் தொடை வரைக்கும் சுருட்டிட்டு... எனக்கு எதிர்ல உக்காந்து... நான் லைப்ரரிக்காரங்களைக் கூப்பிடலாமான்னு யோசிச்சேன்.

வில்ஃப்: வருஷம் பூரா அதையே சொல்லுங்க. வாசல்ல ‘சர்ஜரி, சனி காலை’ன்னு பெருசா எழுதி வெச்சா ஒருத்தன் என்ன நினைப்பான்? டாக்டர் உக்கார்ற இடத்துக்கும் சர்ஜரி, எம்.பி. உக்கார்ற இடத்துக்கும் அதே சர்ஜரி. டாக்டரைப் பார்க்க அஞ்சு வாரம் ஆகும்னு சொல்லியிருந்தாங்க. புது அரசாங்கம் வந்ததும் டாக்டரை லைப்ரரிக்கே அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். ஒரு நிமிஷம் எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?

நோரீன்: எம்.பி. அம்மா என்ன சொன்னாங்க?

வில்ஃப்: எத்தனை தடவை கேப்பீங்க?

நோரீன்: இன்னொரு தடவை.

வில்ஃப்: நல்லா வீங்கியிருக்கேன்னாங்க. எப்படி ஆச்சுன்னாங்க. வீட்டு வாசல் குழியில விழுந்தேன்னேன். அப்போ முழங்காலை டாக்டர் பார்க்கட்டும், நான் குழியைப் பார்க்கறேன்னாங்க. முந்தின எம்.பி. என் மூஞ்சியையே பார்த்ததில்லை. இந்தம்மா முழங்கால் வரைக்கும் பார்த்துட்டாங்க.

நோரீன்: பார்த்து என்ன பிரயோஜனம்? பத்து மாசமா அதே குழிக்கு வந்துட்டு இருக்கீங்க.

வில்ஃப்: ம்... அது... ஆமா. ஆழமான குழி.

நோரீன்: அந்த மஞ்சள் வாத்து இன்னும் மிதக்குதா?

வில்ஃப்: வாத்தா?

நோரீன்: நீங்கதானே சொன்னீங்க, குழியில தண்ணி தேங்கினதும் பிளாஸ்டிக் வாத்தை மிதக்க விட்டேன்னு. உள்ளூர் பேப்பர்ல கூட போட்டோ வந்துச்சே.

வில்ஃப்: ஓ, அதுவா... நல்லா இருக்கு. உங்க சுவர்?

நோரீன்: என் சுவருக்கு என்ன?

வில்ஃப்: படுக்கையறையில ஈரம், கறுப்புப் பூஞ்சைன்னு...

நோரீன்: இருக்கு, இருக்கு. அது எங்க போகும்? சத்தம் போடாதீங்க, எம்.பி. ஆபீஸ் பொண்ணு வருது.

இமோஜன்: காலை வணக்கம் மிஸ்டர் ஹோல்ட். மிசஸ் டன், நல்லா இருக்கீங்களா?

வில்ஃப்: வா கண்ணு. எம்.பி. அம்மா வந்தாச்சா?

இமோஜன்: பின் கதவு வழியா வந்துட்டாங்க. உள்ள போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். கூட்டம் தாங்கல. அதனால இனிமே கேட்ட வேலை இன்னும் முடியாதவங்க மட்டும்தான் வரலாம். முடிஞ்சவங்க பேரை எடுத்துட்டு புதுசா வர்றவங்களுக்கு இடம் குடுக்கறோம்.

நோரீன்: எடுத்துட்டா?

இமோஜன்: அடுத்த வாரத்துல இருந்து வர வேண்டியதில்லை. நிம்மதிதானே, மழையில வந்து நிக்க வேணாம்.

வில்ஃப்: நிம்மதி... ஆமா. நிம்மதிதான்.

இமோஜன்: மிஸ்டர் ஹோல்ட், உங்க குழியை மூடியாச்சுன்னு ரோட்டு வேலை பார்க்கிறவங்க சொல்றாங்களே.

வில்ஃப்: மூடினாங்க கண்ணு. மூடலன்னு சொல்லல. மழை பெஞ்சதும் மறுபடியும் வாயைத் திறந்துக்கிச்சு.

இமோஜன்: அப்படியா? போட்டோ ஏதாவது எடுத்தீங்களா?

வில்ஃப்: போட்டோ... என் போன் பழைய போன்... அதுல பேசத்தான் முடியும்... அதுவும் சில சமயம்தான்...

நோரீன்: போட்டோ எதுக்கு? நான் பார்த்தேன்.

இமோஜன்: நீங்களா?

நோரீன்: செவ்வாக்கிழமை. மூர் லேன்ல மேல வரைக்கும் நடந்தே போனேன். இவர் வீட்டு கேட்டுக்கு நேரா இருக்கு. நானே விழுந்திருப்பேன், தப்பிச்சேன்.

இமோஜன்: மிஸ்டர் ஹோல்ட்? சரிதானே?

வில்ஃப்: அ... ஆமா. தப்பிச்சாங்க.

இமோஜன்: சரி, அப்போ உங்க பேர் இருக்கட்டும். மிசஸ் டன், உங்க சுவர் விஷயமா வீட்டு வசதிக்காரங்க இன்னும் பதிலே சொல்லல. ஆள் வந்து பார்த்தாங்களா?

நோரீன்: வந்தாங்க... பார்த்தாங்க... போனாங்க.

இமோஜன்: வேலை செஞ்சாங்களா இல்லையா?

வில்ஃப்: எங்க செஞ்சாங்க? பூஞ்சை அப்படியே இருக்கு. கட்டிலுக்கு மேல, கறுப்பா, ஸ்காட்லாந்து வரைபடம் மாதிரி. தீவெல்லாம் கூட தனித்தனியா தெரியுது.

இமோஜன்: நீங்க பார்த்தீங்களா?

வில்ஃப்: பார்த்தேன்.

இமோஜன்: மிசஸ் டன்னோட படுக்கையறையில.

வில்ஃப்: ...பகல்லதான்.

நோரீன்: கடவுளே.

இமோஜன்: சரி சரி, நான் எதுவும் கேக்கல. ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும். உக்காருங்க, கூப்பிடறேன்.

நோரீன்: ...போயிட்டாளா?

வில்ஃப்: போயிட்டா.

நோரீன்: பகல்லதான்னு எதுக்குச் சொன்னீங்க? புத்தகம் எடுக்க வந்த பாதிரியார் கூட திரும்பிப் பார்க்கிறார்.

வில்ஃப்: பின்னே, ராத்திரின்னா சொல்ல முடியும்?

நோரீன்: ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கலாம். என் வீட்டு வாசப்படி கூட மிதிச்சதில்லை நீங்க.

வில்ஃப்: பேரை எடுத்துட்டா அடுத்த சனிக்கிழமை நீங்க வர மாட்டீங்களே. வாய் தானா பேசிடுச்சு. வெளிப்படையாவே சொல்றேன். ஞாயித்துக்கிழமையில இருந்து வெள்ளி வரைக்கும் நான் பேசறது டிவியில செய்தி வாசிக்கிறவர்கிட்டதான். சனிக்கிழமை ஒண்ணு வருதேன்னுதான் வாரம் நகருது. இது நின்னுட்டா எனக்குக் கஷ்டம்.

நோரீன்: எனக்கு மட்டும் என்ன... பிஸ்கட்டை எடுங்க. நமுத்துடும்.

வில்ஃப்: நீங்க நிஜமாவே என் குழியைப் பார்த்தீங்களா?

நோரீன்: டீ ஆறுது வில்ஃப்.

வில்ஃப்: இல்லை, செவ்வாக்கிழமைன்னு சொன்னீங்களே...

நோரீன்: அங்க என்ன, இமோஜன் யாரையோ திருப்பி அனுப்பறா. தள்ளுவண்டியில கைக்குழந்தையோட ஒரு பொண்ணு.

வில்ஃப்: இமோஜன் கண்ணு, அந்தப் பொண்ணு ஏன் போகுது?

இமோஜன்: இன்னைக்குப் பேர் நிரம்பிடுச்சு மிஸ்டர் ஹோல்ட். எம்.பி. அம்மா லண்டன் ரயிலைப் பிடிக்கணும். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன்.

நோரீன்: என்னவாம் அவளுக்கு?

இமோஜன்: வாடகை வீடு. ஹீட்டர் கெட்டு ரொம்ப நாளாச்சாம். வீட்டுக்காரர் போனை எடுக்கிறதே இல்லையாம். குழந்தைக்கு நெஞ்சுல சளி. பாவம்தான். என்ன செய்ய, முன்னாடியே பேர் குடுத்தவங்க இருக்காங்களே.

வில்ஃப்: என் முறையை அவளுக்குக் குடு.

இமோஜன்: அப்போ உங்களை அடுத்த வாரத்துக்குப் போடட்டுமா?

வில்ஃப்: அடுத்த வாரமும் வேணாம். பேரை எடுத்துடு.

நோரீன்: வில்ஃப்...

வில்ஃப்: இருங்க நோரீன். குழியை மூடியாச்சு கண்ணு. ஜனவரியிலயே மூடிட்டாங்க. மழைக்கும் ஒண்ணும் ஆகல. எங்கயாவது ஒரு விரிசல் தெரியாதான்னு தினமும் குனிஞ்சு பார்த்தேன், குத்தம் சொல்ல ஒரு இடம் விடல. அந்த வாத்தைக் கூட தூக்கி எறியல. கழுவி கேட் தூண் மேல உக்கார வெச்சுட்டுப் போயிருக்காங்க.

இமோஜன்: ஆனா மிசஸ் டன் செவ்வாக்கிழமை பார்த்தேன்னு...

நோரீன்: பார்த்தேன்தான். வாத்தையும் பார்த்தேன், ரோட்டையும் பார்த்தேன். மேசை மாதிரி மட்டமா இருந்துச்சு. கதவைத் தட்டலாம்னு கேட் வரைக்கும் போனேன்... திரும்பி வந்துட்டேன்.

இமோஜன்: ரெண்டு பேரும் சேர்ந்து என்கிட்ட...

நோரீன்: ஓடு கண்ணு, அந்தப் பொண்ணு தெருவுக்குப் போயிடப் போகுது.

இமோஜன்: இதோ. ஆனா குழி மூடின விஷயத்தை எம்.பி. அம்மாகிட்ட சொல்லப் போறேன் மிஸ்டர் ஹோல்ட். பத்து மாசமா அவங்ககிட்ட ஒருத்தர் கூட நல்ல வார்த்தை சொன்னதில்லை.

வில்ஃப்: சொல்லு. ஆனா நான் சொன்னேன்னு சொல்லாதே. தெருவுல ஒருத்தன் என்னை மதிக்க மாட்டான்.

நோரீன்: ...உள்ள கூட்டிட்டுப் போயிட்டா. தள்ளுவண்டிச் சக்கரச் சத்தம் கேக்குது.

வில்ஃப்: நல்லதாப் போச்சு.

நோரீன்: தெரிஞ்சும் நான் ஏன் பொய்ச்சாட்சி சொன்னேன்னு கேக்க மாட்டீங்களா?

வில்ஃப்: கேக்க வேணாம். தெரியுது. நானும் அதேதானே செஞ்சேன்.

நோரீன்: கோட்டை ஏன் மாட்டறீங்க?

வில்ஃப்: இனிமே எனக்கு இங்க என்ன வேலை? பிளாஸ்க்கை வெச்சுட்டுப் போறேன், டீயைக் குடிச்சு முடிங்க. நீங்க உள்ள போனதும் நல்லா அழுத்திக் கேளுங்க. சிரிச்சுப் பேசினா விட்டுடாதீங்க.

நோரீன்: நான் உள்ள போகல. குடைக்குப் பின்னாடி நின்ன மனுஷன் என் முறையில போகட்டும்.

வில்ஃப்: என்ன விளையாட்டு இது? பூஞ்சைக்குக் கீழ படுத்துத் தூங்கினா மூச்சுக்கு என்ன ஆகும்? என் குழியை மூடத் தெரிஞ்சவங்களுக்கு ஒரு சுவரைத் துடைக்கத் தெரியாதா? எனக்காக நீங்க விட்டுக் குடுக்காதீங்க. இந்த அரசாங்கம் என்ன அரசாங்கம், ஒரு பொம்பளை தனியா அந்த ஈரத்துல...

நோரீன்: அரசாங்கத்தை விடுங்க வில்ஃப். அவங்க வந்து சுவரைச் சுரண்டி, மருந்தடிச்சு, வெள்ளை பூசி ரெண்டு மாசம் ஆச்சு. பார்க்காத சுவருக்குச் சாட்சி சொன்னவர், வாங்க, வந்து ஒரு தடவை பார்த்துடுங்க. பகல்தானே.