பொற்கோயில் குளத்தில் முழுகியவர்

ரெக்ஸ்டேல் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு தமிழ்ப் பெண்கள். "கறுத்த காகம் முழுகி வெள்ளையா எழும்பினதாம்" என்று மூத்தவர் சொன்னதும், கையிலிருந்த போனை மடியில் வைத்துவிட்டேன்.

"எங்கயக்கா?"

"அம்ரித்சர்ப் பொற்கோயில் குளத்தில. அந்தக் காலத்தில ஒரு பெண்சாதி குஷ்டரோகம் வந்த புருசனைக் கூடையில சுமந்து வந்து, கரையில இலந்தை மரத்துக்குக் கீழ இருத்திப்போட்டுச் சாப்பாடு தேடப் போனாவாம். அவர் காகத்தைப் பாத்திட்டுத் தானும் இறங்கி முழுக, வருத்தம் மாறிட்டுதாம். திரும்பி வந்த மனிசி, 'நீ என்ர புருசன் இல்லை' எண்டு சண்டையாம்."

இளையவர் சிரித்தார்.

"வேலையில ஒரு பஞ்சாபி அன்ரிதான் சொன்னவ. அதுதான் ஸ்ட்ரோக் வந்த இவரையும் கூட்டிக்கொண்டு போனனான்."

"முழுகினவரே?"

"முழுகினவர். வலக்கை அப்பிடியேதான் கிடக்கு."

"அப்ப வீணாப் போச்சே?"

"வருத்தம் வந்த பிறகு இவர் ஆக்களுக்கு முன்னால சாப்பிட்டதில்லை. கலியாணவீட்டுக்கும் வரமாட்டார். பொற்கோயில் அன்னதானத்தில எல்லாரும் நிலத்தில இருந்துதான் சாப்பிட வேணும். ரொட்டியை ரெண்டு கையும் ஏந்தி வாங்க வேணும். இவர் இடக்கையால வலக்கையைத் தூக்கிப் பிடிச்சு ஏந்தினார். அவ்வளவு சனத்துக்கு நடுவில, பருப்புச் சிந்தச் சிந்தச் சாப்பிட்டார். நான் சாப்பிடாமல் அவரையே பாத்துக்கொண்டிருந்தனான்."

"இப்ப?"

"ஞாயிறு எண்டா இஞ்ச இருக்கிற சீக்கியக் கோயில், குருத்வாராவில நிக்கிறார். கூட்டிக்கொண்டு வரத்தான் போறன்."

"அங்க என்ன செய்யிறார்?"

"இடக்கை நல்லாத்தானே இருக்கு. சாப்பிடுற சனத்துக்குத் தண்ணி ஊத்துறார்."