ரத்தம் சிந்தாத புரட்சியில் செத்தவன்

— சாவுச் சீட்டுல காய்ச்சல்னு போட்டுடலாம், பைசானோ. சீனாக்காரனா இருந்தாலும் நம்ம ஊர்க்காரன்னுதானே உன்னை அப்படிக் கூப்பிடறேன். பனாமாவுல காய்ச்சல்ல சாகிறது மரியாதையான சாவு. கால்வாய் வெட்ட வந்த பிரெஞ்சு இஞ்சினியர்கள் பாதிப் பேர் அதுலதான் போனாங்க. யாரும் குறைவா நினைக்க மாட்டாங்க.

— காய்ச்சல்னு போட்டா சுகாதாரக்காரங்க வந்து கந்தகம் போட்டுப் புகைப்பாங்க, கேப்டன். அரிசி, கருவாடு, தேயிலை எல்லாத்தையும் தெருவுல கொட்டிக் கொளுத்துவாங்க. என் தம்பி லௌ கிட் காய்ச்சல்ல சாகலை. உள் அறையில தூங்கிட்டிருந்தான், கூரையைப் பிச்சுக்கிட்டு பீரங்கிக் குண்டு விழுந்தது. குண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அந்தச் சீட்டு இல்லாம கல்லறைக் காவலாளி கதவைத் திறக்க மாட்டேங்கிறான்.

— கேப்டன்னு கூப்பிடாதே. அது செவ்வாய்க்கிழமை வரைக்கும். தீயணைப்புப் படையை விட்டாச்சு. இப்போ நான் குடியரசோட துணைச் செயலாளர். எழுதிக்கோ, எவாரிஸ்தோ கிராஸால், துணைச் செயலாளர்.

— கைக்குட்டையை மூக்குலேர்ந்து எடுத்துட்டுச் சொல்லுங்க, கேப்டன். சரியா கேட்கலை.

— எடுத்தா வாந்தி வரும். எப்படிப்பா இந்த நாத்தத்துல உட்கார்ந்து தேயிலை நிறுத்துக்கிட்டிருக்கே?

— செவ்வாய்க்கிழமை ராத்திரி செத்தவன். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நானா வச்சிருக்கேன்? பெட்டியைச் சுத்திச் சுண்ணாம்பு கொட்டியிருக்கேன். வெயிலுக்குச் சுண்ணாம்பும் தோத்துப்போச்சு.

— இன்னும் நல்லாக் கொட்டு, சாம் தம்பி. இவன் வாந்தி எடுத்தா கழுவுறதுக்கு நான் ஒரு குடம் தண்ணி தர மாட்டேன்.

— எவுலாலியா அத்தை, நீ எங்கே இங்கே? இது அரசாங்க விஷயம். உனக்கும் கழுதை செத்த துக்கம் இருக்கு. வீட்டுல போய் உட்காரு.

— உட்கார்ந்தா ஊருக்குத் தண்ணி யாருடா ஊத்துவா? கழுதை இழுத்த வண்டியை இப்போ நான் இழுக்கறேன். நீ குழந்தையா இருந்தப்போ உன்னைக் குளிப்பாட்டின தண்ணியும் என் வண்டித் தண்ணிதான், என்னை வீட்டுக்குப் போகச் சொல்றான். முதல் குண்டு சந்துல என் கழுதை மேல விழுந்தது. அடுத்தது இந்தக் கூரை மேல. அவ்வளவுதான் வித்தியாசம். விடிஞ்சதும் உன் தீயணைப்புப் பசங்க வந்தாங்க. பிரசவிச்ச பொம்பளையைத் தூக்குற மாதிரி என் கழுதையைப் பதமாத் தூக்கி வண்டியில ஏத்தினாங்க. இவன் வாசலைத் தாண்டித்தான் போனாங்க. உள்ளே ஒருத்தன் கிடக்கான்னு கத்தினேன். கழுதைக்கு மட்டும்தான் உத்தரவுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

— கழுதையால யாருக்கும் சங்கடம் இல்லை, அத்தை. அதனால கழுதையைப் பத்தின உண்மையை அப்படியே தந்தியில சொல்லிட்டோம்.

— மனுஷனைப் பத்தி?

— மனுஷனைப் பத்தி முன்னாடியே வேற மாதிரி சொல்லியாச்சு. கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க ரெண்டு பேரும். இதுவரைக்கும் நம்மை ஆண்ட பொகோத்தாவுலேர்ந்து, நாம பிரிஞ்சு போகாம அடக்க ஒரு பட்டாளமே கப்பல்ல வந்து நாட்டோட அந்தப் பக்கக் கரையில இறங்குச்சு இல்லையா. ரயில்காரங்க ஜெனரல்மாரைப் பார்த்து, ஐயா, உங்களுக்கு மெத்தை போட்ட பெட்டி தயார், நீங்க முன்னாடி போங்க, சோல்ஜருங்களுக்கான பெட்டியைக் கழுவிட்டிருக்கோம், பின்னாடியே அனுப்பறோம்னு சொன்னாங்களாம். ஜெனரல்மாரும் ஏறி உட்கார்ந்து சுருட்டுப் பத்த வச்சுட்டாங்க. அந்தப் பெட்டி இன்னிக்கு வரைக்கும் கழுவி முடியலை. அன்னிக்குச் சாயங்காலம் அவங்களைக் கைது பண்ணப் போனப்போ என் கையில தீயணைக்கிற கோடாலிதான் இருந்தது. பெரிய ஜெனரல் என்னைப் பார்த்து, எங்கேப்பா தீப்பிடிச்சிருக்குன்னு கேட்டார். இங்கேதான் ஐயான்னு சொன்னேன். எழுந்து வந்துட்டார். அந்தக் கரையில அமெரிக்கப் போர்க்கப்பல் நிக்குது, சோல்ஜருங்க எங்கேயும் நகர முடியலை. எவ்வளவு சுத்தமான வேலை பாருங்க.

— சுத்தமான வேலை. அதான் இந்த வாசம்.

— அத்தை, முடிக்க விடு. ராத்திரி துறைமுகத்துல நின்ன பொகோத்தா கப்பல் ஒண்ணு, ஜெனரல்மாரை விடாட்டிச் சுடுவேன்னு மிரட்டிச்சு. சொன்ன மாதிரியே நாலைஞ்சு குண்டு போட்டுட்டு, பயந்து ஓடிப்போச்சு. ஹோட்டல்ல தங்கியிருக்கிற அமெரிக்கத் துரை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், ரத்தம் எவ்வளவுன்னு. பால் எவ்வளவுன்னு பால்காரன்கிட்ட கேட்கிற மாதிரி. ஒரு சொட்டு இல்லைன்னு சொன்னேன். அதையே தாள்ல எழுதிக் கொடுத்தார், தந்தி ஆபீசுக்குத் தூக்கிட்டு ஓடினது நான்தான். வாஷிங்டன்ல இருக்கிற பெரியவர் அந்த ஒரு வரியை வச்சுத்தான் நம்மைத் தனித் தேசம்னு ஒத்துக்கப் போறார்னு துரை சொன்னார். ரத்தம் இல்லாம பிறந்த பிள்ளைன்னா எல்லாருக்கும் பிடிக்குமாம். அப்போ இவன் தம்பி உத்தரத்துக்கு அடியில கிடந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?

— ரத்தம் இல்லாம பிறந்த பிள்ளையா? நான் ஏழு பெத்தவடா. அந்த மாதிரிப் பிள்ளையை எந்த மருத்துவச்சி பார்த்திருக்கா, கூட்டிட்டு வா. கடலுக்குக் கடல் கால்வாய் வெட்டணும், அதுக்கு நம்ம நிலம் வேணும். பொகோத்தாக்காரன் விலை படியலைன்னான். படியாட்டி என்ன, நிலத்துக்குப் புது சொந்தக்காரனையே உண்டாக்கிடலாம்னு ஒரு பெரியவருக்குத் தோணியிருக்கு. இதுக்கு வாத்தியம், இதுக்கு வாணவேடிக்கை. தூ.

— துப்பாதே, அத்தை. இது நாட்டோட முதல் வாரம்.

— போன வாரம் உங்க வீட்டுப் பொம்பளைங்க கடைக்கு வந்தாங்க, கேப்டன். சிவப்பு, நீலம், வெள்ளைன்னு துணி கேட்டாங்க. எந்தப் பிள்ளைக்குச் சட்டைன்னு என் தம்பி விசாரிச்சிருக்கான். இன்னும் பிறக்கலைன்னு சிரிச்சாங்களாம். பிறக்கப்போற பிள்ளைக்குன்னு சொல்லி ஒரு முழம் கூடவே கிழிச்சுக் கொடுத்தான். அந்தக் கொடிதான் இப்போ சதுக்கத்துல பறக்குது. நான் போய்ப் பார்த்தேன். அந்தக் கூடுதல் முழம் எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியும்.

— இதையெல்லாம் சொல்லி என்னைக் கொல்லாதே. உன் தம்பி நல்லவன். தேவாலயத் தெருவுல தீப்பிடிச்சப்போ வாளியோட என் பக்கத்துல நின்னவன். புருவம் கருகிப்போய், ஒரு மாசம் முட்டை மாதிரி முகத்தோட திரிஞ்சான். எனக்கு ஞாபகம் இல்லைன்னு நினைச்சியா? ஆனா குண்டுன்னு எழுத முடியாது. எழுதினா அந்தத் தந்தி பொய்யாகும், தந்தி பொய்யானா தேசம் போச்சு, அதுக்கு முன்னாடி நான் போயிடுவேன். கட்டில்லேர்ந்து விழுந்தான்னு வைப்போமா?

— கட்டிலுக்கு நேர் மேலே வானம் தெரியுது, கேப்டன். புதைக்க வர்ற எங்க ஊர்க்காரங்க நிமிர்ந்து பார்க்க மாட்டாங்களா?

— சரி. அப்போ, கோவிச்சுக்காதே, கழுதை உதைச்சதுன்னு போடலாமா? கழுதை செத்தது ஊருக்கே தெரியும். சாகிறதுக்கு முன்னாடி மிரண்டு போய் ஒருத்தனை உதைச்சிருக்கலாம். கேட்கிறவங்களுக்குப் பொருத்தமா இருக்கும்.

— டேய் எவாரிஸ்தோ. பன்னிரண்டு வருஷம் இந்தத் தெருவுல தண்ணி சுமந்த கழுதை அது. வாலைப் பிடிச்சு இழுத்த பொடியன்களைக்கூட உதைச்சதில்லை. உன்னை மாதிரி ஆட்கள் பக்கத்துல வந்தப்போகூடச் சும்மாதான் நின்னுச்சு. செத்த ஜீவன் மேல கொலைப்பழி போட வந்துட்டான். அந்தக் கைக்குட்டையை இன்னும் நல்லா அழுத்திப் பிடிச்சுக்கோ, நாத்தம் உள்ளேர்ந்து மட்டும் வரலை.

— விடுங்க அக்கா. கேப்டன், நான் ஏன் பிடிவாதம் பிடிக்கிறேன்னு சொல்லிடறேன். எங்க வழக்கத்துல இங்கே புதைச்சாலும் இங்கேயே விட்டுட மாட்டோம். சில வருஷம் கழிச்சு எலும்பை எடுத்துக் கழுவி, பெட்டியில வச்சு ஊருக்கு அனுப்பணும். சீட்டும் கூடவே போகும். குலக்கோயில் வாசல்ல அம்மாவை உட்கார வச்சு, உன் பிள்ளை இந்த இடத்துல இப்படிச் செத்தான்னு சத்தமா வாசிப்பாங்க. ஊரே நிக்கும். கழுதை உதைச்சுச் செத்தான்னு வாசிக்கிறதை அவ கேட்கணுமா?

— உங்க அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியாதே.

— வாசிக்கிறவருக்குத் தெரியும். பெரூவுல கரும்பு வெட்டிட்டுத் திரும்பினவர்.

— அப்போ என்னதான் பண்றது? நீயே சொல்லு. எனக்கும் அருவருப்பாத்தான் இருக்கு. வீட்டுல என் பெண்டாட்டி, கையைக் கழுவாம சாப்பாட்டுல உட்காராதீங்கன்னா. கழுவிட்டேன்னேன். இன்னொரு தடவை கழுவுங்கன்னா.

— தூக்கத்துல செத்தான்னு எழுதுங்க.

— என்ன?

— தூங்கிட்டிருந்தான். செத்துட்டான். பொய் இல்லை.

— சாம், வேண்டாம் தம்பி. நீ விட்டுக்கொடுத்தா இவனுங்களுக்கு இதுவே பழக்கமாயிடும்.

— காலையில பெட்டி இடுக்குல ஈ நுழையறதைப் பார்த்தேன், அக்கா. துணி வச்சு அடைச்சேன். மறுபடி நுழையுது. என் தம்பி சுத்தக்காரன், சாப்பிடறப்போ ஒரு ஈ வந்தா தட்டையே தூக்கிட்டுப் போயிடுவான். இதுக்கு மேல என்னால முடியாது. எழுதுங்க, கேப்டன்.

— கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும். பொறு, எழுதிடறேன். தூக்கத்தில், அமைதியாக... சரி, அமைதியாகங்கிறதை அடிச்சுடறேன், முறைக்காதே அத்தை. இந்தா.

— பேர் எழுதலையே. லௌ கிட். மறந்துட்டீங்க.

— மறக்கலை, பைசானோ. ஒரு சீனர்னு போட்டிருக்கேன், பார். பேர் இருந்தா எவனாவது பத்திரிகைக்காரன் தேடிக்கிட்டு வருவான். பேர் இல்லாட்டி யாரைத் தேடுவான்? உன் நல்லதுக்கும்தான்.

— எங்க அம்மா முன்னாடி என்னன்னு வாசிப்பாங்க? ஒரு சீனர் தூக்கத்தில் செத்தார்னா?

— காவலாளி கதவைத் திறப்பான். இன்னிக்குச் சாயங்காலம் மண்ணுக்குள்ள போயிடுவான். அதுதானே அவசரம்? என்னால இவ்வளவுதான் முடியும். நிஜமா இவ்வளவுதான். அத்தை, போயிடாதே. உன்கிட்டேயும் ஒரு வேலை இருக்கு, அதுக்கும்தான் இந்தப் பக்கம் வந்தேன்.

— என்னடா, எனக்கும் சீட்டா? நான் இன்னும் சாகலை.

— சிரிக்கக் கூடாது. நான் சொல்றது சத்தியம். நியூயார்க்ல வாயில்லாப் பிராணிகளுக்குன்னு சங்கம் வச்சிருக்கிற சீமாட்டிங்க, பேப்பர்ல நம்ம கழுதை செய்தியைப் படிச்சிருக்காங்க. ஒரு அம்மாவுக்கு மயக்கமே வந்துடுச்சாம். உடனே தந்தி அடிச்சிருக்காங்க, துரைக்கு. அந்த அப்பாவி ஜீவனுக்குச் சதுக்கத்துல கல்லு நடணும், செலவு மொத்தமும் அவங்களுது. வாசகத்தையும் அவங்களே அனுப்பிட்டாங்க. குடியரசு பிறந்த இரவில் எதிரியின் பீரங்கிக் குண்டுக்குப் பலியான ஒரே உயிர்னு வெட்டணுமாம். துரைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கல்லு திறக்கிறப்போ அமெரிக்க மாலுமிங்க வரிசையா நின்னு தொப்பியைக் கழட்டப் போறாங்க, படம் பிடிக்கிறவன்கூட வர்றான். கல்தச்சன் உளியோட உட்கார்ந்திருக்கான்.

— மனுஷனுக்குச் சுண்ணாம்பு. கழுதைக்குக் கல்லு.

— நான் என்ன அத்தை பண்ணட்டும்? மேலேயிருந்து வந்த உத்தரவு. வாசகத்துக்குக் கீழே பேர் மட்டும்தான் பாக்கி. பேர் இல்லாம நட்டா சீமாட்டிங்க வருத்தப்படுவாங்களாம். என்னன்னு கூப்பிடுவே உன் கழுதையை?

— பேரா?

— ஆமா. என்னத்தையாவது சொல்லு, கல்லுல வெட்டிடுவான்.

— லௌ கிட்.

— அத்தை. கழுதைக்கா?

— என் கழுதை, நான் வச்ச பேரு. நம்பலைன்னா நியூயார்க்குக்குத் தந்தி அடிச்சுக் கேளு, கழுதைக்காரி பொய் சொல்லுவாளான்னு. வெட்டச் சொல்லுடா.

— சரி, அத்தை. இந்தப் பேர் கல்தச்சனுக்குப் புரியாதே, எப்படி எழுதறதுன்னு யோசிக்கறேன்.

— தாளை இப்படித் தள்ளுங்க, கேப்டன். நான் எழுதித் தர்றேன்.