கோல் கம்பங்களுக்கு நடுவே கிடைத்த எலும்பு

என் பெயர் மெல்வின் தீசன். வயது அறுபத்தெட்டு. சஸ்காட்செவன் மாகாணம், பிரேகன் ஊரில் தானியக் கிடங்குக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறேன். எங்கள் ஐஸ் ஹாக்கி அரங்கில் மனித எலும்பு கிடைத்தது பற்றி நானாகவே முன்வந்து கூறுவதாவது: இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன்.

எலும்பு என் அக்காள் மகன் டார்சியுடையது. டார்சி உயிரோடு இருக்கிறான். ஊர் அணிக்கு முப்பது வருடம் கோல்கீப்பர். சின்ன வயதில் அவன் முட்டி போட்டுக் காலை விரித்துத் தடுத்ததைப் பார்த்தே, இவனுக்கு இடுப்பு மூட்டு போய்விடும் என்று மாகாணமே கேட்கும்படி சொன்னேன். போய்விட்டது.

அதன் பிறகு அவனை நான்தான் டாக்டரிடம் அழைத்துச் சென்றேன். டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார். சிறு துளை போட்டுச் சுத்தம் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றும், தொடை எலும்பின் தலையை விட்டுவைத்து உலோக மூடி மாட்டலாம் அல்லது தலையையே அறுத்தெடுத்து முழு மூட்டையும் மாற்றலாம் என்றும் சொன்னார். மூடி போட்டால் மறுபடி கோலில் நிற்கலாமா என்று டார்சி கேட்டான். அவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி, ரத்தம் ஓடாமல் தலை உள்ளே செத்துவிட்டது, மூடிக்குப் பிடிமானம் இராது, முழு மூட்டுதான், கோலை மறந்துவிடு என்றார். நானும் அதையே சொல்ல இருந்தேன். வீடு வரும்வரை டார்சி ரேடியோவைப் போடவில்லை.

அதன் பிறகு ஆபரேஷன் முடிந்து, அறுத்த எலும்பைக் கேட்டு வாங்கி, பாட்டிலில் போட்டு டிவி பக்கத்தில் வைத்தான். "ரிட்டயர் ஆனா எல்லாருக்கும் கடிகாரம் குடுப்பாங்க மாமா. எனக்கு என்ன குடுத்திருக்காங்க பாரு" என்றான்.

அதன் பிறகு அரங்கின் மணல் தரையில் தண்ணீர் விட்டு ஐஸ் கட்டுவதற்கு முன், கையுறையை உள்ளே மறந்துவிட்டேன் என்று காவலாளி நெஸ்டரிடம் சாவி வாங்கி, கோல் கம்பங்களுக்கு நடுவே மணலில் அதைப் புதைத்தேன். டார்சி கேட்டுக்கொண்டதால்தான் செய்தேன். "என்னால நிக்க முடியாது, இதாவது நிக்கட்டும் மாமா" என்று அழுதான். புதிய கோல்கீப்பர் அதன் மேல்தான் நின்றான். குளிர்காலம் முழுக்க ஒரு கோல்கூட விழவில்லை. விழுந்தவை நடுவரின் தவறு.

அதன் பிறகு ஐஸ் உருகி, மணலைச் சமன்செய்த பெண்கள் எலும்பைக் கண்டார்கள். சாவி நெஸ்டரிடம் மட்டும் இருந்ததால் போலீஸார் அவரைக் காலையிலிருந்து இந்த நிலையத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். அவருக்கு எதுவும் தெரியாது.

இதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த போலீஸ் அதிகாரி, "மெல்வின் அண்ணே, நேத்துதான் டார்சி வீட்ல காபி குடிச்சேன். பாட்டிலைத் தூக்கி என் கையிலேயே குடுத்தானே, அதுல எலும்பு இருந்துச்சே?" என்றார்.

அது இறைச்சிக் கடையில் வாங்கிய பன்றி எலும்பு. மாற்றி வைத்தவன் நான். நெஸ்டரை வீட்டுக்கு அனுப்பும்படியும், டார்சியிடம் நானே முதலில் போய்ச் சொல்ல அனுமதிக்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அவன் கேட்டுக்கொண்டான் என்றது பொய். "இதாவது நிக்கட்டும்" என்று சொன்னது நான். அப்போது அரங்கில் வேறு யாரும் இல்லை.

வாசிக்கக் கேட்டேன். திருத்தியபடி எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மெல்வின் தீசன்