அமெரிக்காப் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு

தலை காஞ்சிருக்கே தம்பி? இல்ல, சும்மாதான் கேட்டேன். ராமேஸ்வரத்துல தீர்த்தமாடிட்டு நேரா இங்கன வாரேன்னு இப்ப வாசல்ல சொன்னீகளேன்னு பாத்தேன். அங்கன வாளி வாளியா எறச்சு ஊத்துவாகல்ல. ஆடிட்டு வர்றவுக எல்லாம் உச்சிப்புளி வர்ற வரைக்கும் பஸ்ஸு சீட்ட நனைச்சுக்கிட்டே வருவாக. நீங்க என்னடான்னா தேய்ச்ச சட்ட மடிப்பு கலையாம வந்து நிக்கிறீக. சரி சரி, விடுங்க. சாமி கும்பிடத்தான் வந்தீக, போற வழியில எங்க ஞாபகம் வந்துச்சு. எங்க புதுமடம் போற வழியிலயே இல்ல, அதையும் விடுங்க.

உக்காருங்க. நிஷா மண்டபத்துல அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா, சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவா. நீங்க வாரீகன்னு தெரிஞ்சிருந்தா போயிருக்க மாட்டா. தெரிஞ்சிருந்தா நேத்தே போயிருப்பாளோ என்னமோ. கோவிச்சுக்கிராதீக, சிரிப்புக்குச் சொன்னேன்.

தவசி சார் தவசி சார்னு அவ போன்ல சொல்றதக் கேட்டு, பெரிய மீச வச்ச வயசான மனுசனா இருப்பீகன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாத்தா எங்க மூத்த மருமகனுக்குத் தம்பி மாதிரி இருக்கீக. சார் இன்னைக்கு ஏசிட்டாரும்மா, சார் இன்னைக்கே அனுப்பணுமுன்னு குதிக்கிறாரும்மா. தெனம் இதேதான். சாப்பிட்டியா தாயின்னு கேட்டா, அதுக்கும் சார்தான் பதிலு. உங்களுக்கும் சேத்துத்தான் தொழுகையில துவா செஞ்சுக்கிட்டு இருக்கேன், தெரியுமா? என்ன துவாவா? அந்த மனுசனுக்குப் பொறுமையக் குடு அல்லாவேன்னுதான். எம் மகளோடல்ல வேல பாக்குறீக. அவள இங்கன இருவது வருசம் வச்சுப் பாத்தவ நானு, எனக்குத் தெரியாதா.

வாசல்ல உங்களுக்கு சலாம் சொல்லிட்டுப் போனாகளே, அவுகதான் நிஷா அத்தா, எங்க வீட்டுக்காரவுக. அஸர் தொழப் போறாக. ஆமா, அவ்வளவுதான் பேசுவாக. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, எல்லார்கிட்டயும் அப்படித்தான். பாம்பன்ல கருவாடு எடுத்து ஊரு ஊரா கடைக்குப் போடுறாக. கருவாட்டு யாவாரத்துக்கு வாயி வேணும், இவுகளுக்கு அது இல்ல. எப்படியோ நடக்குது. அதுக்கு முந்தி வெல்டிங் வேலதான். சவுதியில, தம்மாம்ல இருந்தாக.

அதனாலதான் இவ வேலைக்குச் சேந்த புதுசுல எனக்கு ஒரே கூத்து. என்னத்தா வேலன்னு கேட்டேன். வெல்டு வைக்கிறேம்மான்னா. எனக்கு நெஞ்சு பக்குன்னு ஆயிருச்சு. பொம்பளப் பிள்ளைய படிக்க வச்சு மெட்ராசுக்கு அனுப்புனா நெருப்புல கொண்டுபோயி உக்கார வச்சுட்டாகளேன்னு. கருப்புக் கண்ணாடி குடுத்தாகளா, கண்ணு எரிஞ்சா உருளக்கெழங்க வட்டமா வெட்டிக் கண்ணு மேல வச்சுப் படு தாயின்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இவ அங்கன விழுந்து விழுந்து சிரிக்கிறா. கூட இருந்த பிள்ளைககிட்ட எல்லாம் சொல்லிட்டாளாம்ல? உங்ககிட்டயும் சொன்னாளா! பாருங்க, எம் மானம் அமெரிக்கா வரைக்கும் போயிருக்கும்.

போன வருச நோன்புப் பெருநாளுக்கு வந்தப்ப அந்த மடியில வைக்கிற கம்ப்யூட்டரத் தொறந்து காட்டுனா. அமெரிக்காவுல கட்டுற ஏதோ கட்டடத்துக்கு இரும்பு வேலப் படமாம். செவப்பா ஒரு தூணு, நீலமா ஒரு தகடு. இப்படித் திருப்புறா, அப்படித் திருப்புறா, எனக்குத் தலையச் சுத்துது. ஒட்டியிருக்காம்மா சொல்லுன்னா. நல்லா ஈயம் பூசுன மாதிரி ஒட்டித்தான இருக்குன்னேன். அப்பறம் அந்த எலியப் புடிச்சு தூணத் தொட்டா. தூணு மட்டும் மினுங்குது. தகடு எனக்கென்னான்னு கெடக்குது. ஒட்டுன மாதிரி தெரியும்மா, ஒட்டலன்னா. அப்பறம் அதத் தொட்டா, இதத் தொட்டா, குட்டியா ஒரு அடையாளம் வந்துச்சு. இப்ப பாருன்னு தூணத் தொட்டா ரெண்டும் சேந்து மினுங்குது. வெல்டு போட்டாத்தான் இது ஒரே சாமான்னு கம்ப்யூட்டருக்கே தெரியுமாம். அந்த ஊரு வெல்டருக்குப் போற படத்துலயும் அது அப்பத்தான் விழுகுமாம். நான் சொல்றது சரியா தம்பி? ஏதோ கொஞ்சம் சரியா. அது போதும், நான் எட்டாவது வரைக்குந்தான்.

எனக்கு அதப் பாத்ததும் எங்க கல்யாண வீட்டு போட்டோதான் தோணுச்சு. சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் தோளோட தோளா ஒரசிக்கிட்டு நிப்பாக. ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்த இருக்காது. போட்டோக்காரன் போனதும் ஆளுக்கொரு தெசையில போயிருவாக. அதச் சொன்னேன். அன்னையில இருந்து நிஷா வெல்டு போடாம விட்டதுக்கெல்லாம் சம்பந்தி வீடுன்னு பேரு வச்சுட்டா. ஆபீசுலயும் அப்படித்தான் சொல்றாளா? அய்யோ, உங்களுக்கு அர்த்தம் தெரியாம இருந்துச்சா இத்தன நாளும்!

டீ எடுத்துக்கங்க. வடையும் எடுத்துக்கங்க, பருப்பு வடதான். நண்டுக் கொழம்பு வாசனைக்கு அடுப்படியத் திரும்பித் திரும்பிப் பாக்குறீக, நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கோயிலுக்குப் போனதால இன்னைக்கு சைவமா? அந்தக் காஞ்ச தலைக்கு நண்டு சாப்பிட்டா ஒண்ணும் குத்தமில்ல தம்பி.

சரி, சொல்லுங்க. நானே பேசிக்கிட்டு இருக்கேன். எதுக்கு வந்தீக?

ம்.

ம், தெரியும். அந்தப் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டு. அமெரிக்காவுல ஏதோ ஊரு, பேரு வாயில வரல. நிஷா சொல்லியிருக்கா. படியத் தாங்குற பெரிய இரும்பு ரெண்டு பக்கமும் இருக்கு, அது மாடியில போயி உக்கார்ற எடத்துல சின்னச் சின்னத் தகடு நெறைய இருக்கு. எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணா வெல்டு வச்சா நாளாகும். நாளு இல்ல. படத்தோட ஓரத்துல பொதுவா ஒரு வரி எழுதி அனுப்பிருவோம், வெல்டு அப்பறம் போட்டுக்கலாம்னு நீங்க சொன்னீக. இவ முடியாதுன்னுட்டா. இந்தப் பெருநாளுக்கு லீவு போட்டு வந்தவ திரும்பிப் போகல. அதானே? கொஞ்சம் கூடக் கொறைய இருக்கும். அவ சொன்னா அவ பக்கந்தான் நல்லாத் தெரியும்.

இல்ல தம்பி, நீங்க கெட்டவருன்னு அவ ஒரு நாளும் சொன்னதில்ல. எனக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன்னு நீங்க சொல்றதும் எனக்குப் புரியுது. ஊரெல்லாம் ஆளக் கொறைக்கிற நேரம், இந்த நேரத்துல இருக்குற வேலைய விட்டா இன்னொண்ணு கெடைக்காதுங்கிறதும் புரியுது. அவளுக்காகத்தான் இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக. அதுக்கு நான் கடமப்பட்டிருக்கேன். வேற யாரு வருவா? தீர்த்தம்னு பொய்யச் சொல்லிக்கிட்டாவது வந்தீகளே.

திங்கக்கெழம அனுப்பணுமா? ம். அவ பாத்து முடிச்சதுன்னு சொன்னாத்தான் அமெரிக்காக்காரவுக நம்புவாகளா? அது எனக்குப் பெருமைதான். அல்ஹம்துலில்லா. அவ அத்தாகிட்ட சொல்றேன், ஒண்ணும் சொல்லமாட்டாக, ஆனா அன்னைக்கு ஒரு வா சோறு கூட எறங்கும்.

நான் சொன்னா கேப்பாளா? கேப்பா. நீங்க சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீக. சின்னதுல இருந்து எல்லாத்துக்கும் எதுத்துப் பேசுவா, ஆனா நான் உக்கார வச்சு, இல்லத்தா, எனக்காகச் செய்யின்னா செஞ்சிருவா. வெல்டெல்லாம் கெடக்கட்டுந்தா, சார் சொல்ற மாதிரி அனுப்பிட்டு வேலையப் பாருன்னு நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும். நாளைக்கே பொட்டியத் தூக்கிருவா.

என்ன சொன்னீக? அங்கன உள்ள வெல்டர் அதெல்லாம் பாத்துப் போட்ருவானா?

போடுவாக தம்பி. நெசந்தான். அந்த ஊரு வெல்டரு என்ன, விவரமில்லாதவுகளாவா இருப்பாக. நிஷா அத்தாவும் நல்ல வெல்டருதான். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாக்கூட, கையில இருக்குறத முடிச்சுட்டுத்தான் எந்திரிப்பாக.

நிஷா அப்ப எம் மடியில பால் குடிக்கிற பிள்ள. தம்மாம்ல இவுகளுக்கு, ஒசரத்துல ஆளு நடந்து போறதுக்குத் தகடு வைக்கிற வேல. வேல முடியிற நேரமாயிருச்சு. இவுகளுக்கு மேலதிகாரியா இருந்தவரு சொல்லிருக்காரு, ஹமீது, இப்பதைக்கு நாலு மூலையிலயும் பொட்டு மட்டும் வச்சுட்டு எறங்கு, முழுசா அப்பறம் போட்டுக்கலாம்னு. பொட்டுன்னா ஒரு சொட்டுதான், தகடு நழுவாம நிக்கிறதுக்கு. இவுகளும் வச்சுட்டு எறங்கிட்டாக. சொன்னதச் செய்யிறதுதான வேல. அந்த மனுசனும் கெட்டவரு இல்லையாம். பாக்க நல்லா ஒட்டுன மாதிரித்தான் இருந்திருக்கும்.

மறுநா காலையில இவுக ஏறுறதுக்கு முந்தி பால்சாமி அந்தத் தகட்டு மேல ஏறிட்டாரு.

நம்ம திருப்புல்லாணிப் பக்கத்துக்காரரு. இவுக கூட ஒரே ரூம்புல இருந்தவரு. நோன்பு மாசத்துல இவுகளுக்கு முந்தி எந்திரிச்சு, ஹமீது, எந்திரி, சஹர் நேரம் போகுதுன்னு சோறு சூடு பண்ணிக் குடுப்பாராம். அவரப் பொட்டியில வச்சு ஊருக்குக் கொண்டாந்தது இவுகதான். அதோட சரி. அதுக்கப்பறம் வெல்டிங் ராடத் தொடல.

நிஷாவுக்கு இது தெரியாது. கண்ணு ஒத்துக்காம வந்துட்டாகன்னுதான் பிள்ளைக கிட்ட சொல்லி வச்சிருக்கோம். ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் அவுகளுக்கும் மேல உள்ள ரப்புக்குந்தான். இப்ப உங்களுக்கு. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா, எங்கிருந்து வந்துச்சு இந்தப் புடிவாதமுன்னு தொழுதுட்டு உக்காந்து யோசிச்சுப் பாப்பேன். பயமாவும் இருக்கும், சந்தோசமாவும் இருக்கும்.

அதனால நான் எடுத்துச் சொல்றதுங்கிறது மட்டும் நடக்காது தம்பி. வேலைக்கு வான்னு நீங்க கூப்பிடுங்க, நானே துணி மடிச்சு வைக்கிறேன். அப்பறம் போட்டுக்கலாம்ங்கிற வார்த்தைய எம் பிள்ளைகிட்ட என் வாயால சொல்லச் சொல்லாதீக.

அய்ய, எதுக்கு எந்திரிக்கிறீக? போன் பேசணுமா? உங்களுக்கு மேல உள்ளவருக்கா? சரி, என்ன பேசப்போறீகன்னு நான் கேக்கல. வீட்டுக்குள்ள எடுக்காது, அந்தா அந்த வேப்பமரத்துக்கிட்ட போயி நின்னா எடுக்கும். பேசிட்டு வாங்க, நிஷாவும் வந்துருவா. பள்ளிவாசல்ல இருந்து நிஷா அத்தா எதுக்க வருவாக. இதெல்லாம் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிராதீக. மழ எப்ப வரும்னு கேளுங்க. மழன்னா ரெண்டு வார்த்த கூடப் பேசுவாக.