மூக்குத்தி வந்துட்டா

— அத்தை, மூக்குத்தி வந்துட்டா.

— இன்னாமே சொல்ற? நம்ம கூனல் திமிங்கலமா? மூணு வருசமா காணாம பூட்சே, அதுவா?

— அவளேதான். இப்பத்தான் படம் வந்துச்சு. வாலுக்கு அடியில அதே வெள்ளப் பொட்டு, பக்கத்துல அதே கிழிசல். பத்து தடவ ஒத்துப் பாத்துட்டேன். ஆபீஸ்ல எல்லாரும் என்னையே பாக்காவ.

— பாக்கட்டும். மண்ணூர்பேட்டை ஆபீஸ்ல குந்திகினு திமிங்கல வாலப் படத்துல பாத்து ஆளச் சொல்ற மருமவ வேற யாருக்குக் கீறா? ஆமா, அந்த வலக் கவுறு? வால்ல சுத்திகினு கீதுன்னு நீ ரெண்டு நாள் சோறு துன்னலயே.

— கவுறு இல்ல அத்தை. தழும்பு மட்டும்தான் கெடக்கு.

— என் ராசாத்தி. எங்க கீறா இப்போ?

— ஆஸ்திரேலியாவுக்கு மேக்க, வெதுவெதுன்னு இருக்க கடல்ல. தெக்க பனிக்கடல்ல இருந்து ஆயிரக்கணக்கான மைல் நீந்தி வந்திருக்கா. வழியில பெருசா எரைகூட கெடையாது.

— பட்டினியாவா? இன்னாத்துக்கு அப்டி வரணும்?

— பிரசவத்துக்குத்தான். அவ பொறந்ததே அந்தக் கடல்லதான்.

— அப்ப தாய் ஊட்டுக்கு வந்துகீறான்னு சொல்லு. இரு இரு, பிரசவமா?

— குட்டி பக்கத்துலயே நிக்கு அத்தை. ஆத்தா முதுகுல ஏறி ஏறிச் சறுக்குது.

— ஐயோ சாமி, எனுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. லைன்லயே இரு. ஏ புஷ்பா, நம்ம ஊட்ல கொயந்த பொறந்துட்ச்சிமே.

— அத்தை, எங்க நின்னு கத்துதீங்க?

— பால்கனிலதான். ஆவடி குவார்ட்டர்ஸ் பூரா கேக்கட்டும்.

— திமிங்கலம்னு சொன்னீங்களா?

— சந்தோசத்துல அத உட்டுட்டேன்.

— போச்சு.

— யுவராணி, அல்லாரும் படியேறி வராளுங்க. ஆறு வருசமா ஒண்ணும் விசேசம் இல்லயான்னு என் உசுர வாங்கனவளுங்கதான். ஒருத்தி சக்கர டப்பாவோட வரா. புஷ்பா தொட்டிலயே தூக்கிகினு வரா.

— போன வாரம்கூட என்னைய ரயிலடியில பாத்தாவளே அத்தை. வயித்தப் பாக்கலயா?

— யாரு யோசிக்கிறாங்க. சிரிக்காத, எனுக்கும் சிரிப்பு வருது. சக்கரய வாயில போட்டுகினு, தொட்டில மட்டும் திருப்பிக் குட்த்துடறேன்.

— குடுக்காதீங்க அத்தை. உள்ள வாங்கி வையுங்க. காலைல டாக்டரப் பாத்துட்டுத்தான் ஆபீசுக்கு வந்தேன், பங்குனில அது நமக்கே வேணும்.