புயலுக்குப் பின் அடுக்கிய தொட்டிகள்

மேடையில் வீற்றிருக்கும் நெல் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அவர்களே, ஜெபம் சொல்லி அமர்ந்திருக்கும் பாதிரியார் அவர்களே, மறைந்த அம்மையாரின் தங்கை அவர்களே, லாவோஸிலிருந்து நேற்று வந்து இறங்கிய டாக்டர் மணிசான் அவர்களே, பன்சி நூடுல்ஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கும் என் தோட்டத் தோழர்களே!

எனக்கு ஐந்து நிமிடம் என்றார்கள். டாக்டர் எர்லிண்டா டிமாகுலாங்கன் அம்மையாரைப் பற்றி ஐந்து நிமிடத்தில் பேச நம் பிலிப்பைன்ஸின் இந்த லகூனா மாகாணத்தில் ஒருவரால் முடியுமென்றால், அது நான்தான்.

நான் போன்சோ. முப்பத்தோரு வருஷமாகப் பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். ஆனால் இங்கே பட்டம் வாங்கிய நாற்பது டாக்டர்களும் என் தண்ணீர்க் குழாயில் வளர்ந்தவர்கள்தான். நெற்பூ காலையில் எத்தனை மணிக்கு வாய் திறக்கும் என்று என்னைக் கேட்பதற்காகவே மலேசியாவிலிருந்து ஆள் வந்ததுண்டு.

அம்மையார் செய்த வேலை என்ன? கடல் நீர் ஏறிய வயலிலும் நெல் நிற்க வேண்டும். அதற்காக நெல்லின் மரபணு ஒன்றில் சின்னதாக ஒரு வெட்டு வைத்தார். வெட்டு வைத்த நெல் பாதி, வைக்காதது பாதி, எல்லாவற்றுக்கும் ஒரே உப்புத் தண்ணீர். அறுநூறு தொட்டிகள்! அப்போது வந்தது புயல். கூரை கிழிந்து, தொட்டிகள் உருண்டு, பெயர்க் குச்சிகள் எல்லாம் தரையில் கிடந்தன. விடியற்காலையில் தனி ஆளாக அத்தனையையும் நிமிர்த்தி, குச்சி குத்தி, மேசைமேல் அடுக்கினேன். அம்மையார் வந்து பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெட்டு வைத்த நெல் உப்பில் ஓங்கி வளர்ந்தது. கட்டுரை வெளியானது. அடுத்த துறைத் தலைவர் அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கும் வேலை, பயிற்சிக்கு வந்த இளம்பெண் மணிசானுக்குக் கிடைத்தது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் இரண்டு நெல்லும் ஒரே உயரம். ஜூன் மாதத்துக்குள் சரியாக வராவிட்டால் உதவித்தொகை நிற்கும், ஊருக்குத் திரும்ப வேண்டும். அவருடைய கை சரியில்லை என்றார்கள். நானும்தான் சொன்னேன். உப்பைக் கரைக்கச் சொன்னால் குழம்பு வைத்துவிட்டாளோ என்று கேட்டுச் சிரித்தேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

ஒரு நாள் மாலைச் சிற்றுண்டி நேரம். உணவகத்தில் புதுப் பயிற்சியாளர்களுக்கு என் புயல் வீரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் உட்கார்ந்து அம்மையார் சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"போன்சோ, குச்சியெல்லாம் கீழே கிடந்ததுன்னு சொன்னீங்களே. எது எந்தத் தொட்டிக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அது என்ன பெரிய வித்தையா டாக்டரம்மா? உங்க நெல்லு நல்ல நெல்லாச்சே. உசரமா இருந்ததுக்கெல்லாம் உங்க குச்சியைக் குத்தினேன். குட்டையெல்லாம் அந்தப் பக்கம். பார்க்க எவ்வளவு லட்சணமா இருந்துச்சு!"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைத் திட்டவில்லை. அந்தத் தொட்டிகளின் விதை தனித்தனி உறையில் இருந்தது. எடுத்து, வெட்டு இருக்கிறதா என்று சோதித்தார்கள். ஏறக்குறைய பாதிக்குப் பெயர் மாறியிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று அவர் கடிதம் எழுத உட்கார்ந்தபோது நான் வாசலில் நின்றேன். எழுத வேண்டாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று கெஞ்சினேன்.

"மணிசானுக்குத் தெரியாதே, போன்சோ. ஏழு மாசமா அவ தன் கையையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கா."

என் பெயரைப் போடுவீர்களா என்று கேட்டேன்.

"போட மாட்டேன். போட்டா, நாளைக்கு இந்தக் குடில்ல ஒருத்தரும் எங்கிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க."

துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. மணிசானின் உதவித்தொகை நின்றுபோகவில்லை. அவர் கை சரியான கை என்று நிலையமே ஒப்புக்கொண்டது. அம்மையார் மறுபடியும் முதல் தொட்டியிலிருந்து தொடங்கினார். அந்த நெல் அவருக்குக் கடைசிவரை கைகூடவில்லை. ஆனால், இந்த வழி கைகூடாது என்ற உறுதி நமக்கு மிச்சம். இதைவிடப் பெரிய சொத்தை எந்த ஆசிரியர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்?

அன்றிலிருந்து நம் குடிலில் ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு பெயர்ச் சீட்டு. ஒன்று குச்சியில், ஒன்று மண்ணுக்குள். இரண்டும் பென்சிலில், ஏனென்றால் மை கரையும். பயிற்சிக்கு வருகிறவர்கள் முதல் வாரம் முழுவதும் சீட்டு மட்டும்தான் எழுதுவார்கள். ஏன் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

டாக்டர் மணிசான் அவர்களே, தொட்டிகளின் குச்சிகளை மாற்றி வைத்தது யார் என்று நீங்கள் கேட்டபோது, தன் பொறுப்பு என்று மட்டும் அம்மையார் சொன்னார். வைத்தது நான்.

இனி வருகிற ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் முதல் நாளே சீட்டு எழுதக் கற்றுக்கொடுத்து, இந்தக் கதையையும் சொல்வேன் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். உள்ளபடியே சொல்வேன். அன்று நான் தனி ஆள் இல்லை, காவலாளி உதவினார். நேரம் விடியற்காலை இல்லை, ஒன்பது மணி. தொட்டிகள் அறுநூறு இல்லை.

தொண்ணூற்றாறு.