எந்த நேரம் நெருங்கியது?

“சாவறதுன்னா எங்க ஊட்டுல சாவட்டும்! வழி உடு!”

“வாசலைத் தாண்டினா ரெண்டு உசிரும் போயிடும் பாய், நில்லு!”

ஆயிரம் அலறல்களின் அருகே அசையாது நின்ற அமைதியே! அன்பின் அணுக்கமே! நம் சாந்தோம் பெண்கள் ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதி தேசம்மா அவர்களே! பாராட்டு மடலைச் சண்டையில் தொடங்குவது முறையன்றுதான். ஆயினும் தங்கள் முப்பத்தோராண்டுப் பணியை நினைத்தால், எங்கள் காதில் முதலில் விழுவது 1924ஆம் ஆண்டின் இந்தக் குரல்களே!

நம் துரைசானி டாக்டர் ‘அப்ரோச்’ என்னும் ஒற்றைச் சொல்லால் ஆஸ்பத்திரியையே ஆண்டவர். வாசல் வண்டிப்பாதையைப் பெருக்கச் சொன்னாலும் அப்ரோச். பழந்துணி கேட்டுப் பெரிய வீட்டுப் படியேறச் சொன்னாலும் அப்ரோச். பயந்த பெண்ணிடம் பேசும் பக்குவமும் அப்ரோச்! அன்று பிரசவத்துக்கு வந்திருந்த ஷாகிராவுக்கு வலி கண்டதும், அவள் நேரம் ‘அப்ரோச்’ ஆகிறது என்றார். தாங்கள் வெளியே வந்து, குடை பழுதுபார்க்கும் அவள் கணவர் அன்வர் பாஷாவிடம், “அவுங்க நேரம் நெருங்கிடுச்சு” என்றீர்கள். சொன்னது பிரசவ நேரம். அவர் காதில் விழுந்தது மரண நேரம். அவளைத் தூக்கிப் போக ஜட்கா வாசலுக்கே வந்துவிட்டது.

பழியை டாக்டர்மேல் போட்டிருக்கலாம். தாங்களோ கதவை மறித்து நின்று, எல்லோர் முன்னும் சொன்னீர்கள்: “சாவு இல்ல பாய், கொழந்தை நெருங்குது. தப்பா சொன்னவ நான்.”

“இப்ப மாத்திப் பேசுறியே, இன்னாத்த நம்புறது?”

அவர் மாமியார் நஸ்ருன்னிசாவின் கையைப் பிடித்தீர்கள். “நீங்க உள்ள வந்து வயித்துல கை வெச்சுப் பாருங்கம்மா.” கிழவி கை வைக்குமுன்னே ஷாகிரா கத்தினாள்: “நான் ஒண்ணும் சாவல! அந்த வண்டிய மொதல்ல போகச் சொல்லுங்க!”

ஜட்கா காலியாகத் திரும்பியது. அது மயிலாப்பூர்க் குளத்தைத் தாண்டுமுன் பெண் பிறந்தாள்.

அன்றுமுதல், டாக்டர் ‘அப்ரோச்’ என்றாலே, “எந்த நெருக்கம், அம்மா?” என்று டாக்டரையே திருப்பிக் கேட்காமல் தாங்கள் வாய் திறந்ததில்லை. அவர் சிடுசிடுத்தார், தாங்கள் விடவில்லை. துடிப்பவளிடமோ தங்களுக்குச் சொல்லே வேண்டியிருந்ததில்லை. முக்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

இன்று தங்கள் ஓய்வு நெருங்கிவிட்டது என்கிறார்கள். எந்த நெருக்கம் என்று நாங்களும் கேட்கிறோம்! பேரப்பிள்ளைகளும் பட்டினப்பாக்கத்துக் கடற்காற்றும் நெருங்கிவர, நோயும் நொடியும் அணுகாமல் நூறாண்டு வாழ்க என 1938ஆம் ஆண்டு பங்குனித் திங்களில் கையொப்பமிடுகிறோம், தாதியரும் ஆயாக்களும்.

மடல் கண்ணாடிச் சட்டத்துக்குள் போய்விடும். நாளைக் காலை வலியோடு படியேறும் ஒருத்தி எங்களைத்தான் கேட்பாள்:

“தேசம்மாக்கா எங்க? கிட்ட வரச் சொல்லுங்களேன்.”